புரோட்டான் துருவ ஒளியைத் தரையிலிருந்து அளக்க: ஒளிமானியா, முழுவானக் கேமராவா, நிறமாலைமானியா?

ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது. புரோட்டான் துருவ ஒளியைத் தரையிலிருந்து அளக்க வேண்டும். வடக்கு-தெற்காக வானத்தை ஸ்கேன் செய்யும் ஒளிமானியை வாங்குவதா, முழுவானக் கேமராவையா, நிறமாலைமானியையா? இந்தத் துறைக்குள் புதிதாக வரும் மாணவர்களும் சிறிய குழுக்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பெரும்பாலானவர்கள் கருவிகளின் உணர்திறனை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். என் கணிப்பில் உணர்திறன் இரண்டாம்பட்சம். மங்கிய ஒளியைப் பிடிக்க இன்று நல்ல உணரிகள் கிடைக்கின்றன. பிடித்த ஒளியில் எவ்வளவு புரோட்டானுடையது, எவ்வளவு மற்றவற்றுடையது என்று பிரிப்பதில்தான் ஆட்கள் தோற்கிறார்கள். எந்தக் கருவி அந்தப் பிரிக்கும் வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் முடிவு தானாகவே தெளிவாகும்.

## எதை அளக்கப் போகிறோம்

காந்தப்புலக் கோட்டின் வழியே இறங்கி வரும் புரோட்டான், மேல் வளிமண்டலத்தில் ஓர் அணுவிடமோ மூலக்கூறிடமோ எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு வேகமான ஹைட்ரஜன் அணுவாகிறது. அடுத்த மோதல்களில் அந்த எலக்ட்ரானை இழக்கிறது, மறுபடி பறிக்கிறது. இப்படி மாறி மாறிப் போகும் வழியில், அணுவாக இருக்கும் நேரங்களில் கிளர்ச்சியடைந்து ஹைட்ரஜனுக்கே உரிய ஒளியை விடுகிறது. தரையிலிருந்து பார்க்கக்கூடியவை சிவப்பில் 656.3 நானோமீட்டர் ஆல்ஃபா கோடும், நீலப்பச்சையில் 486.1 நானோமீட்டர் பீட்டா கோடும். 121.6 நானோமீட்டர் லைமன்-ஆல்ஃபா இவற்றைவிடப் பிரகாசமானது. ஆனால் காற்று அதை விழுங்கிவிடும். 2000ல் ஏவப்பட்ட இமேஜ் செயற்கைக்கோள் மேலிருந்து அதைத்தான் படம்பிடித்தது. 2005 டிசம்பரில் அதன் தொடர்பு அறுந்தது. இரவு இரவாக ஒரே இடத்தின் மேல் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் இன்றும் தரைக்கருவிதான்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. மூன்றுமே கருவித் தேர்வைத் தொடுபவை.

ஒன்று, ஹைட்ரஜன் அணுவுக்கு மின்னூட்டம் இல்லை, அதனால் காந்தப்புலம் அதைக் கட்டிப்போட முடியாது. அது போகிற போக்கில் போகும். மெல்லிய கற்றையாக இறங்கும் புரோட்டான்கள்கூட நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலாகப் பரவிவிடும். எனவே புரோட்டான் துருவ ஒளி பரவலான, விளிம்பு மங்கிய ஒளி. ஸ்டீவ் என்று இன்று அழைக்கப்படும் மெல்லிய ஊதா நாடாவைப் பல ஆண்டுகள் துருவ ஒளி ஆர்வலர்கள் 'புரோட்டான் வில்' என்று சொல்லிவந்தார்கள். அது புரோட்டானால் வருவது அல்ல என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டதற்கு அதன் கூர்மையும் ஒரு காரணம்.

இரண்டு, இது மங்கலானது. பீட்டா கோட்டின் பிரகாசம் வழக்கமாகச் சில பத்து ரேலே முதல் சில நூறு ரேலே வரை (ரேலே என்பது வானொளியின் பிரகாசத்தை அளக்கும் அலகு). கண்ணுக்குத் தெரியும் சாதாரண பச்சைத் துருவ ஒளி, அதாவது எலக்ட்ரான்களால் வரும் ஒளி, ஆயிரக்கணக்கான ரேலே. அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் இதைத் தேட வேண்டும்.

மூன்று, ஒளிவிடும் அணு வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால் அதன் ஒளியின் அலைநீளம் நகரும்; இதுதான் டாப்ளர் விலகல். நார்வே இயற்பியலாளர் வேகார்ட் 1939ல் ஹைட்ரஜன் கோடுகளைத் துருவ ஒளியில் கண்டார். 1950ல் யெர்க்ஸ் ஆய்வகத்தில் மைனல், காந்த உச்சியை (காந்தப்புலக் கோட்டின் வழியே மேலே போகும் திசையை) நோக்கிப் பார்த்தபோது ஆல்ஃபா கோடு நீலப்பக்கம் பெரிதும் விலகியிருப்பதைப் பதிவு செய்தார். வெளியிலிருந்து துகள்கள் நம்மை நோக்கிப் பாய்கின்றன என்பதற்கு அதுவே நேரடிச் சான்றானது. 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,380 கிலோமீட்டர். பீட்டா கோட்டில் அது 2.2 நானோமீட்டர் விலகல். 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் 0.7. பெரும்பகுதி ஒளி துகள் வேகம் குறைந்த பிறகே வருவதால் கோட்டின் உச்சம் கொஞ்சம்தான் நகரும். நீலப்பக்கச் சரிவு மட்டும் நெடுந்தூரம் நீளும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பின்னணியைக் கழிப்பது எப்படி என்பதுதான் என் முதல் அளவுகோல். ஒரு கற்பனைக் கணக்கு: 3 நானோமீட்டர் அகல ஃபில்டர், அதில் புரோட்டானின் பங்கு 50 ரேலே, எலக்ட்ரான் துருவ ஒளியும் வானத்தின் இயல்பான ஒளியும் சேர்ந்து 100 ரேலே. பின்னணி மதிப்பில் 10 சதவீதம் பிசகினால் 10 ரேலே பிழை; அதாவது விடையில் 20 சதவீதம். உணரியை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தப் பிழை குறையாது.

இரண்டாவது, கோணம். காந்தப்புலக் கோட்டின் வழியே மேலே பார்த்தால் கோடு நீலப்பக்கம் சாய்ந்திருக்கும். அடிவானத்தை நோக்கி, புலத்துக்குக் குறுக்கே பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக விரிந்திருக்கும். ஒரே ஃபில்டர் உச்சியில் ஒரு பங்கையும் அடிவானத்தில் வேறொரு பங்கையும் உள்ளே விடும். பிரகாசம் மாறியதா, ஃபில்டர் விட்ட பங்கு மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் நேரப் பிரிதிறன், பார்வைப் பரப்பு, அளவுத்திருத்தம், பராமரிப்பு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

## ஆல்ஃபாவா, பீட்டாவா

கருவிக்கு முன்னால் இதை முடித்துவிடலாம். ஆல்ஃபா கோடு கூடுதல் பிரகாசமானது, அதனால் ஆசை காட்டும். ஆனால் அதே இடத்தில் நைட்ரஜன் மூலக்கூறின் முதல் நேர்மறைப் பட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. எலக்ட்ரான் துருவ ஒளி வந்தால் அவை எகிறும். ஹைட்ராக்சில் வானொளிக் கோடுகளும் பக்கத்திலேயே. பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் மண்டலமும் பால்வீதியின் வாயு மேகங்களும்கூட 656.3ல் ஒளிர்கின்றன. பீட்டாவிலும் நைட்ரஜனின் வேகார்ட்-கப்லான் பட்டை போன்ற தொல்லைகள் உண்டு, ஆனால் சமாளிக்கக்கூடிய அளவில். ஃபில்டர் வைத்த கருவி எதுவானாலும் பீட்டாவையே எடுங்கள். ஆல்ஃபாவைத் தொட நிறமாலைமானி வேண்டும்.

பீட்டாவிலும் நிலா ஒரு தனிப் பிரச்சினை. நிலவொளி சூரிய ஒளிதான்; சூரிய நிறமாலையில் 486.1ல் ஒரு கருங்கோடு இருக்கிறது. அதனால் பக்கத்து அலைநீளத்தை வைத்துப் பின்னணி கழித்தால், நிலா இரவுகளில் புரோட்டான் பிரகாசம் குறைவாக வரும், சில சமயம் எதிர்மதிப்பே வரும். அந்தி வெளிச்சத்திலும் இதே கதை.

## ஸ்கேன் செய்யும் ஒளிமானி

ஒரு கண்ணாடி சுழன்று, வடக்கு அடிவானத்திலிருந்து தெற்கு அடிவானம் வரை வானத்தின் ஒரு கீற்றைப் படிப்படியாக ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு (மங்கிய ஒளியை மின்துடிப்பாகப் பெருக்கும் உணரிக்கு) காட்டும். கனடாவின் கனோபஸ் வலையமைப்பு ராங்கின் இன்லெட், கில்லம், பினாவா, ஃபோர்ட் ஸ்மித் ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட கருவிகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. அத்தபாஸ்காவில் பீட்டா கோட்டுக்கென்றே ஓர் ஒளிமானியைக் கட்டினார்கள்.

இதன் முதல் பலம், ஃபில்டருக்குள் ஒளி ஏறத்தாழ இணைகதிராக, எப்போதும் ஒரே கோணத்தில் நுழைவது. வானத்தின் எந்த மூலையைப் பார்த்தாலும் ஃபில்டரின் நடத்தை மாறாது. எனவே கோணத்தால் வரும் சிக்கலில் கருவியின் பங்கு பூஜ்யம். இயற்கையின் பங்கு மட்டும் மிஞ்சும். அதை மாதிரிக் கணக்கால் திருத்தலாம்.

இரண்டாவது பலம் எண்ணிக்கை. 20 சதுர சென்டிமீட்டர் துளை, 2 பாகைப் பார்வை, மொத்தத் திறன் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 ரேலேக்கு வினாடிக்குச் சுமார் 7,600 ஒளித்துகள்கள் பதிவாகும். ஒரே வினாடியில் புள்ளியியல் பிழை 1 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு, கருவி பின்னணியை எப்படி எடுக்கிறது என்பதில் இருக்கிறது. பழைய வடிவமைப்பில் ஒரே ஃபில்டரைச் சாய்த்துச் சாய்த்துக் கோட்டையும் பின்னணியையும் மாற்றி மாற்றி அளப்பார்கள். விலை குறைவு, ஒரே உணரி என்பதால் அளவுத்திருத்தமும் எளிது. ஆனால் துருவ ஒளி துடிக்கத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்: துடிக்கும் துருவ ஒளியின் சுழற்சி சில வினாடிகளிலிருந்து பத்து இருபது வினாடி வரை. கோட்டைப் பிரகாசமான கணத்திலும் பின்னணியை மங்கிய கணத்திலும் எடுத்தால், இல்லாத புரோட்டான் பிறந்துவிடும். ஒரே நேரத்தில் தனித்தனி வழிகளில் கோட்டையும் அதன் இருபக்கப் பின்னணியையும் அளக்கும் வடிவமைப்பு இதைத் தவிர்க்கிறது. அதற்குக் கூடுதல் குழாய்கள், கூடுதல் ஃபில்டர்கள், ஒவ்வொன்றின் உணர்திறனும் எப்படி மாறுகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும் வேலை. என்னைக் கேட்டால் இந்தச் செலவில் கைவைக்கக் கூடாது.

அசையும் பாகம் என்றால் பனிக்காலத்தில் ஒருநாள் நிற்கும். பகல் வெளிச்சத்தில் மூடி திறந்து கிடந்தால் குழாய் பாழாகும். ஃபில்டரின் மைய அலைநீளம் வெப்பநிலையோடு நகரும் என்பதால் சூட்டைச் சீராக வைக்க வேண்டும்.

எங்கே இது சிறந்தது? எல்லை எங்கே என்று கேட்கும் ஆய்வுகளில். எரிக் டோனோவனும் சகாக்களும் 2003ல் கில்லம் ஒளிமானித் தரவைச் செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிட்டு, புரோட்டான் ஒளியின் பூமத்தியரேகைப் பக்க எல்லையிலிருந்து காந்தவால் (பூமியின் காந்தப்புலம் இரவுப்பக்கம் நீளும் பகுதி) எவ்வளவு நீண்டு இழுபட்டிருக்கிறது என்று கண்காணிக்கலாம் என்று காட்டினார்கள். அந்த வேலைக்கு ஒரு கீற்று போதும். உயரக் கோணத்தை அட்சரேகையாக மாற்றும்போது ஒளி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடிவானத்தை ஒட்டி அந்த ஊகம் பெரிய பிழையாகும்.

## முழுவானக் கேமரா

மீன்கண் லென்ஸ், அதன்பின் ஃபில்டர் சக்கரம், குளிரூட்டிய உணரி. ஒரே படத்தில் வானம் முழுவதும். வாங்குபவர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணமும் புரிகிறது: படம் பேசும்.

ஒளிமானியைவிட இது மிகவும் பின்தங்கியது என்ற பேச்சு பாதி உண்மை. மீன்கண் லென்ஸின் நுழைதுளை 6 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒளிமானியின் துளை பரப்பில் அதைப்போல் 70 மடங்கு. ஆனால் நல்ல கேமரா உணரியின் குவாண்டம் திறன் 90 சதவீதம், ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு 20. வித்தியாசம் 16 மடங்காகச் சுருங்குகிறது. ஒளிமானி வானத்தை 90 படிகளாக ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு படிக்கும் நேரத்தில் 90ல் ஒரு பங்குதான். கேமரா ஐந்து ஃபில்டர்களை மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 5ல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! அதற்கு மேல் கேமராவுக்குக் கிழக்கு-மேற்கும் இலவசம்.

அப்படியானால் கேமராவையே வாங்கிவிடலாமே? இங்கேதான் முதல் இரண்டு அளவுகோல்களும் குறுக்கே வருகின்றன. குறுக்கீட்டு ஃபில்டருக்குள் ஒளி சாய்ந்து நுழைந்தால் அதன் மையம் நீலப்பக்கம் நகரும். பயனுறு ஒளிவிலகல் எண் 2 என்றால், 5 பாகைச் சாய்வுக்கு 486.1ல் 0.46 நானோமீட்டர் நகர்வு. 3 நானோமீட்டர் அகலத்தில் இது சின்ன விஷயமல்ல. புரோட்டான் கோட்டு உச்சத்தின் டாப்ளர் நகர்வும் ஏறத்தாழ இதே அளவில்தான். இதைத் தடுக்கத் தொலைமைய ஒளியமைப்பு வேண்டும்: படத்தின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வரும் கதிர்க்கூம்புகள் ஃபில்டரைச் செங்குத்தாகச் சந்திக்கும்படி செய்வது. அதோடு பெரிய ஃபில்டர்கள், நீண்ட குழாய். விலைப்பட்டியலில் கேமராவின் விலையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் இந்த வரியில் வந்து நிற்பார்கள்.

ஃபில்டர் சக்கரம் என்பதால் கோட்டுப் படமும் பின்னணிப் படமும் வேறு வேறு நேரத்தில் எடுக்கப்படுகின்றன. இடையில் ஓர் எலக்ட்ரான் வில் நகர்ந்துவிட்டால், கழித்த படத்தில் அதன் பேய் உருவம் நிற்கும். சோதிக்க எளிய வழி: புரோட்டான் படத்தில் கூர்மையான மெல்லிய வில் தெரிந்தால் முதலில் கழித்தலைச் சந்தேகப்படுங்கள், இயற்கையை அப்புறம் சந்தேகப்படலாம்.

அளவுத்திருத்தத்தில் ஒரு பொறி. கேமரா வைத்திருப்பவர்கள் நட்சத்திரங்களைக் கொண்டு திருத்தம் செய்வது வழக்கம். வேகா போன்ற ஏ வகை நட்சத்திரங்களின் நிறமாலையில் பீட்டா கோடு அகலமான, ஆழமான பள்ளம். சராசரிப் பிரகாசத்தை எடுத்துக்கொண்டு திருத்தினால் ஃபில்டர் மோசமானது போலத் தோன்றும், அதனால் துருவ ஒளி மிகைப்படும். அந்த நட்சத்திரத்தின் நிறமாலையையே ஃபில்டர் வளைவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும்.

கேமரா வெல்லும் இடம் தெளிவு: வடிவமும் நகர்வும் கேள்வியாக இருக்கும்போது. அத்தபாஸ்காவில் நகோயா பல்கலைக்கழகத்தின் முழுவானக் கேமரா, முக்கியத் துருவ ஒளி வளையத்துக்குத் தெற்கே தனியாக நிற்கும் புரோட்டான் ஒளித் திட்டுகளைப் பிசி1 காந்த அலைகளோடு (பூமியின் காந்தப்புலத்தில் எழும் வேகமான துடிப்புகளோடு) இணைத்துக் காட்ட உதவியது. அந்தத் திட்டு கிழக்கே நகர்ந்ததா, மேற்கே நகர்ந்ததா என்று வடக்கு-தெற்குக் கீற்று ஒருநாளும் சொல்லாது. அத்தகைய இடத்தில் எலக்ட்ரான் துருவ ஒளியின் தொல்லையும் குறைவு என்பது கேமராவுக்கு இன்னொரு சாதகம்.

## நிறமாலைமானி

பின்னணிப் பிரச்சினையை நேராகச் சந்திப்பது இது ஒன்றுதான். கோடு, அதன் இருபுறத் தளம், நைட்ரஜன் பட்டை, ஹைட்ராக்சில் கோடு, நிலவொளியின் கருங்கோடு எல்லாம் ஒரே பதிவில், ஒரே கணத்தில் கண்முன் இருக்கும். எதைக் கழிக்கிறோம் என்று பார்த்துக் கழிக்கலாம். கோட்டின் வடிவமும் கிடைப்பதால் புரோட்டானின் ஆற்றலைப் பற்றிப் பேச முடிகிற ஒரே கருவியும் இதுவே. ஆனால் அதில் எச்சரிக்கை வேண்டும்: உச்சத்தின் இடம் தொடக்க ஆற்றலை அவ்வளவாகக் காட்டாது, நீலச் சரிவின் நீளம்தான் காட்டும். அந்தச் சரிவு மங்கலான இடத்தில் இருக்கிறது. அங்கே பின்னணிப் பட்டையின் வடிவத்தைத் தவறாகப் பொருத்தினால் ஆற்றலும் தவறும்.

விலை? ஒளி நுழையும் பிளவின் அகலம். நல்ல பிரிதிறனுக்குப் பிளவைக் குறுக்க வேண்டும், குறுக்கினால் ஒளி போய்விடும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும், மங்கலான இரவில் பல பதிவுகளைக் கூட்ட வேண்டிவரும். வேகமான மாற்றங்கள் கரைந்துவிடும். இதைவிடப் பெரிய செலவு, விலைப்பட்டியலில் இல்லாதது: ஆள். ஒளிமானியின் தரவை ஒரு மாணவர் சீக்கிரமே வரைபடமாக்கிவிடுவார். நிறமாலையைப் பிரித்துப் பொருத்திப் பார்க்க வளிமண்டல மாதிரிகள் தெரிந்த ஒருவர் தொடர்ந்து கூடவே இருக்க வேண்டும். அவர் போய்விட்டால் கருவி ஓடும், தரவு குவியும், யாரும் திறக்க மாட்டார்கள்.

ஸ்வால்பார்டில் இது பொருந்துகிறது. 78 பாகை வடக்கில் இருக்கும் ஹெல் ஹென்ரிக்சன் ஆய்வகத்தின் மேல் குளிர்காலத்தில் நண்பகலிலும் இருட்டு. பகல்பக்கக் காந்தமுனைப் பிளவு (சூரியக் காற்றுத் துகள்கள் நேராக உள்ளே இறங்கும் புனல் போன்ற பகுதி) வழியாக வரும் புரோட்டான்களை அங்கே ஒளியில் பார்க்கலாம். பக்கத்திலேயே மேல் வளிமண்டலத்தை அளக்கும் ஐஸ்காட் ரேடார் இருப்பதால், காந்த உச்சியில் ஒரே புள்ளியை நிறமாலைமானியும் ரேடாரும் சேர்ந்து நோக்க முடிகிறது. அப்படித் துணைக்கருவி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியின் நிறமாலைக்குப் பெரிய மதிப்பு. தனியாக நிற்கும் நிலையத்தில் அதே நிறமாலைமானி பாதிதான் பேசும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்கேன் ஒளிமானி | முழுவானக் கேமரா | நிறமாலைமானி |
|---|---|---|---|
| பின்னணி கழித்தல் | பல வழி வடிவமைப்பில் நன்று; சாய்க்கும் ஃபில்டரில் ஆபத்து | நேர இடைவெளியால் பலவீனம் | மிக நன்று |
| கோணச் சிக்கல் | கருவியால் இல்லை | தொலைமைய ஒளியமைப்பு கட்டாயம் | ஃபில்டர் நகர்வு இல்லை |
| பரப்பு | ஒரு கீற்று | முழு வானம் | ஒரு புள்ளி அல்லது ஒரு கீற்று |
| நேரம் | ஒரு ஸ்கேனுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டி | ஃபில்டர் சுழற்சிக்கு ஓரிரு நிமிடம் | நிமிடங்கள், சில சமயம் பல நிமிடங்கள் |
| ஆற்றல் தகவல் | இல்லை | இல்லை | உண்டு, கவனத்துடன் |
| நிலா இரவு | கடினம் | மிகக் கடினம் | திருத்த முடியும் |
| மறைந்த செலவு | அசையும் பாகம், குழாய்ப் பாதுகாப்பு | பெரிய ஃபில்டர், ஒளியமைப்பு | தேர்ந்த ஆள் |

## யாருக்கு எது

துருவ ஒளி வளையத்துக்குள் தனியாக ஒரு நிலையம், ஒரே கருவி, பல ஆண்டுத் தரவு வேண்டும் என்றால் பல வழி ஒளிமானிதான் என் தேர்வு. எலக்ட்ரான் ஒளி தினமும் கலக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் பின்னணி எடுக்காத கருவியை நம்ப மாட்டேன். வளையத்துக்குத் தெற்கே, தனித் திட்டுகளைத் துரத்துபவர்கள் கேமராவுக்குப் போகலாம். காந்தமானி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ரேடாரும் மாதிரிக் கணக்கு செய்யும் ஆளும் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு மட்டும் நிறமாலைமானி.

நிலையத்தில் வேறொருவருடைய முழுவானக் கேமரா பச்சைக் கோட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். எலக்ட்ரான் ஒளி எப்போது, எங்கே வந்தது என்று அது சொல்லிவிடுவதால், மலிவான சாய்க்கும் ஃபில்டர் ஒளிமானிகூடப் போதும். துடிக்கும் நேரங்களைத் தள்ளிவிட்டு அமைதியான நேரங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆர்வலர்கள் சிலர், நெபுலா பார்க்க விற்கும் பீட்டா ஃபில்டரைச் சாதாரணக் கேமராவில் மாட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். அந்த ஃபில்டர்கள் பொதுவாக 10 நானோமீட்டரை ஒட்டிய அகலம். இருண்ட வானமே நானோமீட்டருக்கு 10 ரேலே அளவில் ஒளி தரும் என்று வைத்தால் 100 ரேலே பின்னணி ஆகிவிட்டது, அதுவும் துருவ ஒளி எதுவும் இல்லாத இரவில். அகல லென்ஸில் மாட்டினால் விளிம்பில் அலைநீளம் நகரும். பின்னணிக்கென இன்னொரு ஃபில்டரும் இரண்டாவது கேமராவும் வைத்து, குறுகிய பார்வையில், உச்சியை மட்டும் பார்த்தால் பிரகாசமான நிகழ்வு ஒன்றை அடையாளம் காண வாய்ப்பு உண்டு. ரேலேயில் எண் சொல்லக் கூடாது.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் ஃபில்டரின் ஊடுகடத்தல் வளைவைக் கேளுங்கள். உங்கள் கருவி ஓடப்போகும் வெப்பநிலையில், உங்கள் ஒளியமைப்பின் கதிர்க்கூம்போடு அளந்த வளைவாக இருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் இணைகதிரில் அளந்த ஒற்றை வளைவை மட்டும் தருகிறார்கள் என்றால், மீதி அளவீட்டை நீங்களே செய்ய வேண்டும். அதற்கு நாளும் பணமும் ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.